‘த்ரீ இன்டு எக்ஸ்’ என்று சொல்லித் தோற்றேன்: இங்கிலாந்தில் பிஜிசிஇ இடம் பிடிப்பது எப்படி?

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் ஒருவர், கோயில் சாப்பாட்டு வரிசையில் ஒருவர், அப்புறம் திருநெல்வேலியிலிருந்து சித்தி மகள் வாட்ஸ்அப்பில். கேள்வி ஒன்றுதான்: “இங்கிலாந்துல ஸ்கூல் டீச்சராகணும்னா என்ன பண்ணணும்?” ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசி, பாதியைச் சொல்ல மறந்து, வீட்டுக்கு வந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பி... சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி நாலு வரி. பாளையங்கோட்டையில் எம்எஸ்சி கணிதம் படித்தேன். பிஎட் படிக்கவில்லை. பிஎட் இல்லாமலேயே ஒரு மெட்ரிக் பள்ளியில் இரண்டு வருடம் பாடம் நடத்தினேன். 2013-ல் கல்யாணமாகி ரெடிங் நகரத்துக்கு வந்தேன். இரண்டு பிள்ளைகள், ஏழு வருடம் வீடு. 2021-ல் பக்கத்து அரசுப் பள்ளியில் டிஏ வேலை கிடைத்தது, அதாவது வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக இருக்கும் வேலை. 2022-ல் பிஜிசிஇ என்ற ஓராண்டு ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு விண்ணப்பித்துத் தோற்றேன். 2023-ல் மறுபடி போட்டேன், கிடைத்தது. 2024 செப்டம்பரில் சேர்ந்து 2025 கோடையில் முடித்தேன். இப்போது 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர்.

இங்கே எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் முறை வேறு. ஊரிலேயே பிஎட் முடித்து, பள்ளியில் வேலையும் பார்த்தவர் என்றால் முதலில் கடைசிப் பகுதியைப் படியுங்கள். உங்களுக்குக் குறுக்குவழி ஒன்று இருக்கலாம்.

உங்களுக்கு வேண்டியது பிஜிசிஇயா, க்யூடிஎஸ்ஸா?

எல்லோரும் குழம்பும் இடம் இது. க்யூடிஎஸ் என்பது ஆசிரியர் தகுதி, ஏறக்குறைய லைசென்ஸ் மாதிரி. பிஜிசிஇ என்பது பல்கலைக்கழகம் தரும் முதுநிலைச் சான்றிதழ். பெரும்பாலான ஓராண்டுப் படிப்புகளில் இரண்டும் சேர்ந்தே வரும். வேலை வாங்கித் தருவது க்யூடிஎஸ். பிஜிசிஇயில் கிடைக்கும் மதிப்பலகுகளைப் பின்னால் எம்ஏ படிக்கும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஐபிஜிசிஇ என்று ஆன்லைனிலேயே முடித்துவிடக்கூடிய படிப்பு ஒன்று விளம்பரங்களில் வந்துகொண்டே இருக்கும். கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் அதை முடித்தால் க்யூடிஎஸ் வராது. வளைகுடாவில் சர்வதேசப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அது உதவலாம். இங்கே அரசுப் பள்ளியில் வேலை தேடுபவர் அதற்குப் பணம் கட்டிவிட்டுப் பிறகு அழக் கூடாது. படிப்பின் பக்கத்தில் ‘பிஜிசிஇ வித் க்யூடிஎஸ்’ என்றோ வெறும் ‘க்யூடிஎஸ்’ என்றோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படிப்பைப் பல்கலைக்கழகமும் நடத்தும், பள்ளிகள் கூட்டாகச் சேர்ந்தும் நடத்தும். இரண்டாவதற்கு ஸ்கிட் என்று பெயர். சம்பளத்தோடு பயிற்சி தரும் வழிகளும் உண்டு. டீச் ஃபர்ஸ்ட் அதில் பெயர் பெற்றது, இரண்டு வருடம். என்னைக் கேட்டால், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இந்த ஊர்ப் பள்ளியை உள்ளிருந்து பார்க்காதவர்களுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு நல்லது. கூடப் படிப்பவர்கள் முப்பது பேர் இருப்பார்கள், வெள்ளிக்கிழமைதோறும் சேர்ந்து புலம்பலாம். ஸ்கிட்டில் முதல் வாரத்திலிருந்தே பள்ளிதான். நாலைந்து வருடம் டிஏவாக இருந்தவர் அதில் மூச்சுத் திணறாமல் நிற்பார்.

காகிதங்கள்

இதை முதலில் தொடங்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட மெதுவாக நகர்வது இதுதான்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக ஒரு பட்டம் வேண்டும். அதோடு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜிசிஎஸ்இ தேர்வில் (இங்கே 16 வயதில் எழுதும் பொதுத் தேர்வு) 4-வது கிரேடு, அல்லது அதற்கு இணையான ஒன்று. நம்மிடம் ஜிசிஎஸ்இ ஏது? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்தான் உண்டு. அதையும் பட்டத்தையும் யுகே எனிக் என்ற அமைப்பு பார்த்து, இந்த நாட்டுக் கணக்கில் இது எதற்குச் சமம் என்று ஒரு கடிதம் தரும். நான் கையிலிருந்து பணம் கட்டி வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு அரசாங்கத்தின் ‘கெட் இன்டு டீச்சிங்’ சேவை மூலமாக அதை இலவசமாகவே வாங்க வழி உண்டு என்று. அந்தச் சேவையில் பதிவுசெய்தால் ஆலோசகர் ஒருவரும் கிடைப்பார், அதற்கும் காசில்லை. எனக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்த அம்மாவிடம் முதலிலேயே பேசியிருந்தால் பாதித் தலைவலி மிச்சம்.

பயிற்சி நிறுவனத்தில் என் பத்தாம் வகுப்புக் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். ஆங்கிலத்தை ஏற்கவில்லை. “ஈக்விவலன்சி டெஸ்ட் எழுதுங்கள்” என்றார்கள். இதை நடத்தும் தனியார் அமைப்புகள் உண்டு. ஆனால் எந்த அமைப்பின் தேர்வை ஏற்பார்கள் என்பது ஒவ்வொரு பயிற்சி நிறுவனத்துக்கும் மாறும். பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு கஷ்டமில்லை, அலட்சியமாகப் போனால்தான் வம்பு. பதினைந்து வருடமாக ஆங்கிலத்தில் நான் எழுதியது பள்ளிக்கு லீவ் லெட்டரும் வாட்ஸ்அப்பும் மட்டும்தான். அப்பாஸ்ட்ரஃபி எங்கே வரும் என்பதையே என் மகளிடம் கேட்டுத்தான் திரும்பப் படித்தேன்.

அடுத்தது பட்டச் சான்றிதழ். என்னிடம் இருந்தது புரொவிஷனல் மட்டும். பட்டமளிப்பு விழாவுக்கு நான் போகவில்லை, பணம் கட்டி வாங்கவும் இல்லை. இங்கே அசல் பட்டத்தைக் கேட்டார்கள். ஊரில் என் தம்பி மூன்று முறை அலைந்தான், செலான் ஒன்று, படிவம் ஒன்று, “அடுத்த வாரம் வாங்க” ஐந்து. நாலு மாதம் ஓடிவிட்டது. உங்கள் சான்றிதழ் இன்னும் பல்கலைக்கழகத்தில்தான் தூங்குகிறது என்றால், இதைப் படித்து முடித்த கையோடு ஊருக்குப் போன் போடுங்கள்.

பெயர் விஷயம் நமக்கே உரிய தொல்லை. என் மார்க் ஷீட்டில் இனிஷியலும் என் பெயரும். முதல் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த இடத்துக்குக் கணவர் பெயர் வந்தது. இங்கே அலுவலகத்தில் இருப்பவருக்கு இது மூன்று வெவ்வேறு பெண்கள். கல்யாணச் சான்றிதழும், மூன்றும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரமும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு வரும்போது, இதுவரை வைத்திருந்த எல்லாப் பெயரையும் ஐந்து வருட முகவரிகளையும் கேட்பார்கள். அங்கே ஒன்று விடுபட்டால் இழுத்தடிக்கும்.

பள்ளிக்குள் போய் உட்காருங்கள்

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் குறைந்தது நாலைந்து நாள் உட்கார்ந்து பாருங்கள். ‘ஸ்கூல் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று அரசாங்கத் தளத்திலேயே பதிவு செய்யலாம். இல்லாவிட்டால் பக்கத்துப் பள்ளிக்கு நேராக மின்னஞ்சல் போடலாம். நான் அனுப்பிய ஆறில் இரண்டுக்குப் பதில் வந்தது.

தமிழ்ப் பள்ளியில் சொல்லித்தருவதும் அனுபவம்தான், விண்ணப்பத்தில் தாராளமாக எழுதுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. அங்கே பிள்ளையின் அம்மா வாசலில் நிற்கிறாள், நாம் “அத்தை”. இங்கே 14 வயதுப் பிள்ளை முப்பது பேர், மழை பெய்யும் வெள்ளிக்கிழமை மதியம், கடைசிப் பாடவேளை. அது வேறு உலகம்.

போனால் என்ன பார்ப்பது? பாடத்தைப் பார்க்காதீர்கள், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிள்ளைகள் உள்ளே வரும்போது ஆசிரியர் எங்கே நிற்கிறார், பலகையில் முன்கூட்டியே என்ன போட்டிருக்கிறார் (இதற்கு ‘டூ நவ்’ என்று பெயர், வந்த உடனே வாய் திறக்காமல் செய்யவேண்டிய நாலைந்து சின்னக் கணக்குகள்), கை தூக்காத பிள்ளையிடம் எப்படிக் கேட்கிறார், ஒருவன் பேசிக்கொண்டே இருந்தால் எத்தனையாவது நிமிடத்தில் என்ன சொல்கிறார், இவற்றைப் பாருங்கள். ஒரு நோட்டு வைத்து அன்றன்றைக்கு எழுதிவிடுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே ஆசிரியரைப் பற்றித்தான். அவர் குரலை உயர்த்தவே இல்லை. பேச்சை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார், வகுப்பு அடங்கிவிடும். எனக்கு அது இன்றுவரை கைவரவில்லை.

பணமும் விண்ணப்பமும்

அக்டோபரில் அரசாங்கத்தின் விண்ணப்பத் தளம் திறக்கும், படிப்பு அடுத்த செப்டம்பரில் தொடங்கும். ஒரே நேரத்தில் நாலு இடம் வரைக்கும் போடலாம். அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தேடினால் பக்கத்தில் உள்ளவை வரும். பெயரைப் பார்த்து ஓடாதீர்கள், பேருந்தைப் பாருங்கள். பயிற்சிப் பள்ளி பல்கலைக்கழகத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கக்கூடும். எனக்கு முதல் பள்ளி அப்படித்தான் அமைந்தது. காலை 6.40-க்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன், பிள்ளைகளுக்குத் தோசை சுடுவது கணவர் பொறுப்பானது. கேட்டால், அந்த வருடம் தோசை வட்டமாக வந்ததே இல்லை என்பாள் மகள்.

பணத்துக்கு வருவோம். இங்கே குடியிருப்பு உரிமை பெற்று, மூன்று வருடமாவது வசித்தவர்களுக்கு உள்நாட்டுக் கட்டணம். நான் சேர்ந்த 2024-25-ல் அது 9,250 பவுண்டு, 2025-26-ல் 9,535. இதற்கு மாணவர் கடன் கிடைக்கும். அதற்கு மேல், ஆள் பற்றாக்குறை உள்ள பாடங்களுக்கு அரசாங்கம் பர்சரி தரும். திருப்பிக் கட்ட வேண்டாம், வரியும் இல்லை. கணிதத்துக்கு எனக்குக் கிடைத்தது 28,000 பவுண்டு, மாதாமாதம் பிரித்து வரும். 2025-26-ல் கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டிங் நாலுக்கும் 29,000. ஆங்கிலத்துக்கு 5,000 மட்டும். வரலாறு, உடற்கல்விக்கு ஒன்றுமே இல்லை. ஆண்டுதோறும் இது மாறும், ஆகவே பக்கத்து வீட்டு அக்கா வாங்கிய தொகையை நம்பி வீட்டு பட்ஜெட் போடாதீர்கள். கணித அமைப்புகள், இயற்பியல் கழகம், வேதியியல் கழகம் போன்றவை நடத்தும் உதவித்தொகை இதைவிட 2,000 பவுண்டு அதிகம், ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம், தனி நேர்காணல். நான் போடவில்லை, சோம்பல்தான் காரணம்.

பர்சரிக்குப் பட்டத்தின் தரமும் முக்கியம்: 2:2 (இந்த ஊர்க் கணக்கில் இரண்டாம் வகுப்பின் கீழ்ப் பிரிவு) அல்லது அதற்கு மேல், அல்லது முதுகலைப் பட்டம். நம் ஊர் சதவீதத்தை இந்த ஊர்த் தரமாக மாற்றிப் பார்ப்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் பார்வை வேறுபடலாம். பிஎஸ்சியில் கொஞ்சம் சறுக்கியவர்களுக்கு அந்த எம்எஸ்சி இப்போது கை கொடுக்கும்.

இன்னும் குடியிருப்பு உரிமை வராமல் விசாவில் இருப்பவர்களுக்குக் கட்டணம், கடன், பர்சரி மூன்றுமே வேறு கணக்கு. நண்பர் சொன்னார் என்று போகாமல், நிறுவனத்தின் கட்டணப் பிரிவிடம் உங்கள் விசாவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

படிவத்தில் வேலை வரலாறு என்று ஒரு பகுதி வரும். அதில் இடைவெளி இருந்தால் காரணம் கேட்கும். ஏழு வருடம் வீட்டில் இருந்ததை எப்படி எழுதுவது என்று நான் இரண்டு நாள் வெட்கப்பட்டேன். பிள்ளைகளோடு வேலை செய்யப்போகும் எல்லோரிடமும் இதைக் கேட்பார்கள், பாதுகாப்புக்காக. நம்மைக் குறைத்துப் பார்ப்பதற்காக இல்லை. ‘பிள்ளை வளர்த்தேன்’ என்று தேதி போட்டு எழுதினேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரெஃபரென்ஸ் கொடுக்க இரண்டு பேர் வேண்டும், உறவினராக இருக்கக் கூடாது. கல்லூரிப் பேராசிரியரைத் தேடி அலைய வேண்டாம். டிஏ வேலை பார்த்த பள்ளியின் கணிதத் துறைத் தலைவரும், தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளரும் எனக்குக் கொடுத்தார்கள்.

இனி பர்சனல் ஸ்டேட்மென்ட், அதாவது ஏன் ஆசிரியராக வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுப்பது. என் முதல் வரைவு “ஆசிரியர் பணி புனிதமானது” என்று ஆரம்பித்தது. எட்டாம் வகுப்பில் ‘நான் ஆசிரியரானால்’ என்று எழுதிய கட்டுரையின் ஆங்கிலப் பதிப்புதான். ஆலோசகர் அம்மா படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதில் நீ எங்கே இருக்கிறாய்?”

இரண்டாம் முறை ஒரு சம்பவத்தோடு தொடங்கினேன். டிஏவாக இருந்தபோது ஒரு பெண்பிள்ளைக்கு மைனஸ் எண்கள் பிடிபடவே இல்லை. 3-லிருந்து 5-ஐக் கழிக்கச் சொன்னால் 2 என்பாள். எண்கோடு வரைந்து பார்த்தேன், பலிக்கவில்லை. அவள் அடுக்குமாடியில் குடியிருக்கிறாள் என்று தெரிந்ததும் லிஃப்டைப் பற்றிக் கேட்டேன். கார் நிறுத்தும் தளம் தரைக்குக் கீழே இரண்டு மாடி. “மூன்றாவது மாடியிலிருந்து ஐந்து மாடி இறங்கினால் எங்கே நிற்பாய்?” “கார் பார்க்கிங், மைனஸ் டூ.” சொல்லிவிட்டு அவளே என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதை எழுதி, முதலில் நான் காட்டிய வழி ஏன் வேலைக்காகவில்லை என்றும் எழுதினேன். ஏன் கணிதம், ஏன் இந்த வயதுப் பிள்ளைகள், இந்த வேலையின் சுமை எனக்குத் தெரியுமா என்பதெல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட்டன. யாரோ எழுதியதை எடுத்துப் போடாதீர்கள். அப்படியே மாட்டாமல் போனாலும், நேர்காணலில் அதிலிருந்துதான் கேள்வி வரும்.

நேர்காணல் நாள்: தோற்றதும் பிடித்ததும்

இடத்துக்கு இடம் வேறுபடும். எனக்கு இரண்டு முறையும் நாலு பகுதிகள்: பிள்ளைகளுக்குக் குட்டிப் பாடம், பாட அறிவுத் தேர்வு, ஒரு பக்கம் எழுதுவது, அப்புறம் இரண்டு பேர் முன்னால் நேர்காணல்.

முதல் முறை, எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் (12-13 வயது) பதினைந்து பேர், 15 நிமிடம், தலைப்பு அடைப்புக்குறியை விரிப்பது. எனக்கு வெல்லம் சாப்பிடுகிற மாதிரி. அழகாக உடுத்திக்கொண்டு போய், பலகையில் 3(x+4) என்று எழுதி, கணீரென்று “த்ரீ இன்டு எக்ஸ், ப்ளஸ் த்ரீ இன்டு ஃபோர்” என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசைப் பையன் மெதுவாகக் கேட்டான்: “மிஸ், வகுக்கணுமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நமக்கு ‘இன்டு’ என்றால் பெருக்கல். இங்கே ‘த்ரீ இன்டு ட்வெல்வ்’ என்றால் பன்னிரண்டில் மூன்று எத்தனை முறை போகும் என்று அர்த்தம், அதாவது வகுத்தல். நேர் எதிர்! நான் திகைத்து, அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். பிறகு பலகைப் பக்கம் திரும்பி ஆறு நிமிடம் எழுதித் தள்ளினேன். முடிவில் “அண்டர்ஸ்டாண்ட்?” என்றேன், எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு நேர்காணலில் கேட்டார்கள்: “அவர்களுக்குப் புரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” நான் சொன்னேன், “தலையாட்டினார்களே.” அங்கேயே முடிந்துவிட்டது. ஏன் கணிதம் என்று கேட்டதற்கு “ஸ்கோரிங் சப்ஜெக்ட்” என்று வேறு சொல்லி வைத்தேன்.

வார்த்தைகளை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். பெருக்கலுக்கு ‘டைம்ஸ்’ அல்லது ‘மல்டிப்ளைட் பை’. பின்னத்தை ‘ஒன் பை டூ’ என்று சொல்லாதீர்கள், ‘ஒன் ஓவர் டூ’ அல்லது ‘ஹாஃப்’. நம் போட்மாஸ் இங்கே பெரும்பாலும் பிட்மாஸ். வகுத்தலைப் பேருந்து நிறுத்தம் மாதிரி படம் போட்டு ‘பஸ் ஸ்டாப் மெத்தட்’ என்பார்கள். லட்சம், கோடி வாயில் வரவே கூடாது. கணக்கு மட்டுமில்லை, எந்தப் பாடமாக இருந்தாலும் இந்த ஊர்ப் பாடநூல் ஒன்றை எடுத்து, சொற்களை மட்டும் ஒரு வாரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். என் சமையலறையில் குக்கர் விசில் கூட எட்டு டைம்ஸ் அடித்தது.

இரண்டாம் முறை வேறொரு இடம், அதே எட்டாம் ஆண்டு, விதிவசமாக ஏறக்குறைய அதே தலைப்பு. இந்தத் தடவை பள்ளியிடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டேன்: எத்தனை பிள்ளைகள், இதற்கு முன் என்ன படித்திருக்கிறார்கள், கூடுதல் உதவி தேவைப்படுபவர்கள் இருக்கிறார்களா, மினி ஒயிட்போர்டு இருக்குமா. கேட்டதையே நல்லவிதமாக எடுத்துக்கொண்டார்கள்.

மினி ஒயிட்போர்டு என்பது நம் சிலேட்டுதான், பிளாஸ்டிக்கில். ஒரு கணக்கைப் போட்டு, “மூன்று எண்ணுவேன், எல்லோரும் தூக்குங்கள்” என்றால் ஒரே பார்வையில் முப்பது விடையும் தெரியும். முதல் கணக்கு 3(x+4). பாதிப் பேர் 3x+4 என்று தூக்கினார்கள். இந்தப் பிழை வரும் என்று எதிர்பார்த்தே போயிருந்தேன். ஒரு செவ்வகம் வரைந்தேன், உயரம் 3, அகலத்தில் ஒரு பகுதி x, மறுபகுதி 4. “இந்த இரண்டாவது அறைக்கு யார் பெயின்ட் அடிப்பது?” என்றேன். சிரித்தார்கள். மறுபடி தூக்கச் சொன்னேன், நாலு பேர் மட்டும் இன்னும் தப்பு. நான் தயாரித்த மூன்றாவது பகுதிக்குப் போகாமல் அந்த நாலு பேருக்காக இன்னொரு செவ்வகம் போட்டேன். நேரம் முடிந்துவிட்டது, பாடம் முடியவில்லை.

வெளியே வந்ததும் கணவருக்குப் போன் போட்டு, “இதுவும் போச்சு” என்றேன். உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள்: திட்டத்தை ஏன் பாதியில் விட்டீர்கள், மறுபடி நடத்தினால் எதை மாற்றுவீர்கள்? காரணத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் இடம் கிடைத்த மின்னஞ்சல் வந்தது. பாடம் முடியாததற்கா இடம் கொடுத்தார்கள் என்று அம்மா இன்னும் நம்பவில்லை.

பாதுகாப்புக் கேள்வி ஒன்று கட்டாயம் வரும்: “ஒரு பிள்ளை உங்களிடம் வந்து ஒன்று சொல்லணும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள் என்கிறது. என்ன செய்வீர்கள்?” நம் மனசு உடனே சத்தியம் செய்யச் சொல்லும். செய்யவே கூடாது. ரகசியமாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொல்வதைக் கேளுங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள், பிள்ளையின் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று பள்ளியில் நியமிக்கப்பட்டவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ‘கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன்’ என்ற அரசாங்க ஆவணத்தின் முதல் பகுதியை முந்தின வாரமே படித்துவிடுங்கள். இணையத்தில் இலவசம்.

ஒழுக்கம் பற்றியும் கேட்பார்கள். “எங்கள் ஊரில் ஸ்கேலால் ஒரு அடி” என்று விளையாட்டுக்குக் கூடச் சொல்லாதீர்கள். இங்கே அரசுப் பள்ளிகளில் 1987-லேயே அடி ஒழிந்துவிட்டது. பள்ளிக்கென்று எழுதிவைத்த நடத்தை விதி இருக்கும், அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்பற்றுவேன், அமைதியாகச் சொல்வேன் என்ற தோரணையில் பதில் இருக்கட்டும்.

பாட அறிவுத் தேர்வு ஜிசிஎஸ்இயில் ‘ஹையர்’ என்ற கடினமான தாள் மாதிரிதான். பழைய தாள்கள் மூன்று போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கும், படித்து ரொம்ப நாளானவர்களுக்கும் எஸ்கேஇ என்ற பாட அறிவுப் பயிற்சியை நிபந்தனையாகப் போட்டு இடம் தருவார்கள். பயந்துவிடாதீர்கள், கட்டணமில்லை, ஆன்லைனில் செய்யலாம். கணிதத்துக்கு உண்டு, எல்லாப் பாடத்துக்கும் கிடையாது.

இடம் கிடைத்த பிறகு

கிடைப்பது நிபந்தனையோடுதான். டிபிஎஸ், உடல்நலப் படிவம், வெளிநாட்டில் வசித்திருந்தால் அந்நாட்டுக் காவல்துறைச் சான்றிதழ், நிலுவையில் இருக்கும் சான்றிதழ்கள். பள்ளி விடுமுறையில் அலுவலகங்களும் தூங்கிவிடும், ஜூனுக்குள் முடித்துவிடுங்கள்.

படிப்பில் பெரும்பகுதி பள்ளியில்தான், குறைந்தது இரண்டு பள்ளிகள். நடுவில் கட்டுரைகள். கணக்குப் படித்தவர்களுக்குக் கட்டுரைதான் எமன். கோடையில் ஒன்றிரண்டு கல்வியியல் கட்டுரைகளைப் படித்துப் பழகுங்கள், மேற்கோள் எப்படிப் போடுவது என்று நூலகத்தில் சொல்லித்தருவார்கள். முடித்ததும் முதல் இரண்டு வருடம் புதிய ஆசிரியர் காலம், முதல் வருடம் பாடவேளையில் பத்தில் ஒரு பங்கு குறைவு. சம்பளம் 2025-26-ல் லண்டனுக்கு வெளியே 32,916 பவுண்டில் தொடங்கும், உள் லண்டனில் 40,317.

பிஎட் முடித்தவர்களுக்கு, முக்கியமாக என் சித்தி மகளுக்கு

உனக்கு மேலே சொன்ன பெரும்பாலானது தேவைப்படாமல் போகலாம். 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் நேராகவே க்யூடிஎஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. ஆனால் இந்தியாவுக்குப் போட்டிருக்கும் வரம்பைக் கவனி: 11 முதல் 16 வயதுக்கான கணிதம், அறிவியல், மொழிகள். நீ வேதியியல், ஆக உள்ளே வருகிறாய். உன் தோழி காமர்ஸ் என்றாள், அவளுக்கு இந்த வாசல் இல்லை.

வேண்டியவை: பட்டம், பிஎட், அதற்குப் பிறகு பள்ளியில் பாடம் நடத்திய அனுபவம், ஆசிரியராக உன் மீது தடை எதுவும் இல்லை என்று உரிய அதிகாரியிடமிருந்து கடிதம். இந்தக் கடைசிக் கடிதம்தான் நாள் பிடிக்கும். யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று க்யூடிஎஸ் விண்ணப்பிக்கும் அரசாங்கத் தளத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் காட்டும், அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டே அலுவலகத்துக்குப் போ. வாய்ப்பேச்சில் கேட்டால் அனுபவச் சான்றிதழைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், அது வேறு.

இன்னொன்று, க்யூடிஎஸ் கிடைத்தால் விசா கிடைத்த மாதிரி இல்லை. ஒரு பள்ளி வேலை கொடுத்து, அந்தப் பள்ளியே ஸ்பான்சரும் செய்ய வேண்டும். “பணம் கட்டுங்க, டீச்சர் வேலை வாங்கித் தர்றோம்” என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் எனக்கு முதலில் போன் பண்ணு. உன் பிஎட் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோ அனுப்பு, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்து.